ஜாவா அட்டையில் எந்தத் திறப்பு எதைத் திறக்கும்?

கல்முனைப் பக்கத்துச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணினி வேலைகளைப் பார்ப்பவர் கேட்டிருப்பதை, பதில் எழுதும் வசதிக்காக, என் சொற்களில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். ஊழியர்கள் சேர்வருக்குள் நுழைவதற்கும் மாத அறிக்கைக் கோப்புகளில் இலத்திரனியல் கையொப்பம் இடுவதற்குமாக சிறு நிரல்களை உள்ளே ஏற்றி இயக்கக்கூடிய சிப் பொருத்திய 30 ஜாவா அட்டைகளை அவர் வெளிநாட்டிலிருந்து தருவித்திருக்கிறார். குளோபல்பிளாட்போம்புரோ என்ற திறந்த மூலக் கருவியைக் கொண்டு கையொப்பத்தையும் மறைகுறியாக்கத்தையும் கவனிக்கும் ஸ்மாட்பிஜிபி என்ற அப்லெற்றை, அதாவது அட்டைக்குள் ஓடும் சிறு நிரலை, அவற்றில் ஏற்றியும் விட்டார். இப்போது மூன்று விடயங்களைக் கேட்கிறார். அட்டையோடு வந்த தொழிற்சாலைத் திறப்பை மாற்றாமலே ஊழியர்களிடம் கொடுக்கலாமா? மாற்றினால், ஏற்கெனவே அட்டைக்குள் உருவாக்கிய ஊழியர்களின் கையொப்பத் திறப்புகள் அழிந்துவிடுமா? மாற்றும்போது இரண்டு அட்டைகள் ‘கிரிப்டோகிராம் பிழை’ என்று சொல்லி நின்றுவிட்டன, அவற்றை மீட்கலாமா? கேள்வி மூன்றாக இருந்தாலும் குழப்பம் ஒன்றுதான். ஒரே அட்டைக்குள் பல திறப்புகள் இருக்கின்றன, அவற்றில் எது எதற்கு உரியது என்பது அவருக்கு யாராலும் பிரித்துச் சொல்லப்படவில்லை.

முதலில் அவசரமானதைச் சொல்கிறேன். அந்த இரண்டு அட்டைகளையும் இந்தப் பதிலைக் கடைசிவரை வாசிக்கும்வரை றீடரில் வைக்க வேண்டாம். வேறு திறப்புப் போட்டுப் பார்க்கவோ, அதே கட்டளையை இன்னொரு தடவை ஓட்டவோ வேண்டாம். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் சுருக்கமான விடை இதுதான்: தொழிற்சாலைத் திறப்பைக் கட்டாயம் மாற்ற வேண்டும், மாற்றுவதால் அப்லெற்றுக்குள் இருக்கும் எதுவும் அழியாது. அட்டைகளுக்கு அப்லெற் எழுதுவதும், எழுதியதை ஏற்றி நிறுவனங்களுக்குக் கொடுப்பதும் மட்டக்களப்பில் இருந்துகொண்டே பல வருடங்களாக நான் செய்துவரும் தொழில் என்பதால் இவ்வளவையும் உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஆனால் உங்கள் அட்டை என் கையில் இல்லை. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடும் இடங்கள் சில உண்டு, அந்த இடங்கள் வரும்போது அப்படியே சொல்லிச் செல்கிறேன்.

உங்கள் அட்டையில் மூன்று அடுக்குத் திறப்புகள் இருக்கின்றன. முதலாவது, அட்டையின் முகாமையாளருக்கு உரிய திறப்பு. எந்த அப்லெற்றை ஏற்றலாம், எதை அழிக்கலாம் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. குளோபல்பிளாட்போம் என்ற தொழிற்துறை அமைப்பு வகுத்த விதிமுறைப்படி இயங்குவதும், ஜிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தக் கருவி கேட்பதும் இந்தத் திறப்பைத்தான். இரண்டாவது, அப்லெற்றின் சொந்தக் காவல். ஸ்மாட்பிஜிபியில் இது பயனர் பின் இலக்கமும் நிருவாகி பின் இலக்கமும் ஆகும். மூன்றாவது, ஊழியரின் கையொப்பத்துக்கும் மறைகுறியாக்கத்துக்கும் சேர்வர் நுழைவுக்கும் உரிய தனிப்பட்ட திறப்புகள். வீட்டுச் சொந்தக்காரருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் உள்ள உறவைப் போன்றது இது. சொந்தக்காரர் அறையை இடித்துத் தள்ளலாம், புதிதாக ஓர் அறை கட்டலாம், ஆனால் வாடகைக்கு இருப்பவரின் அலுமாரித் திறப்பு அவரிடம் இல்லை. அதேபோல், முகாமையாளர் திறப்பை வைத்திருப்பவர் அப்லெற்றை அதன் உள்ளடக்கத்தோடு அழித்துவிட முடியும், ஆனால் அதற்குள் இருக்கும் தனிப்பட்ட திறப்பை வெளியே எடுத்துப் பார்க்க முடியாது. பின் இலக்கம் தெரிந்தவர் கையொப்பம் இட முடியும், ஆனால் அப்லெற்றை அழிக்கவோ இன்னொன்றை ஏற்றவோ முடியாது. இந்த இரண்டு அதிகாரங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை.

முகாமையாளர் திறப்பு என்று ஒருமையில் சொன்னாலும் உண்மையில் அது மூன்று திறப்புகளின் தொகுதி. ஒன்று மறைகுறியாக்கத்துக்கு, இன்னொன்று கட்டளை இடைவழியில் திருத்தப்படவில்லை என்று உறுதிசெய்வதற்கு, மூன்றாவது புதிய திறப்புகளை அட்டைக்குள் அனுப்பும்போது மூடி அனுப்புவதற்கு. தொழிற்சாலையிலிருந்து வரும் பெரும்பாலான அட்டைகளில் மூன்றும் ஒரே மதிப்பாகவே இருக்கும். 40, 41, 42 என்று தொடங்கி ஒவ்வொன்றாக ஏறி 4எஃப் இல் முடியும் அந்த 16 பைற்றுகளை இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நீங்கள் திறப்பு எதையும் கொடுக்காமல் ஜிபியை ஓட்டினால் அது ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு இந்த மதிப்பையே எடுத்துக்கொள்கிறது. அப்லெற் ஏற்றும்போது உங்களிடம் திறப்பு எதுவும் கேட்கப்படாமலே வேலை நடந்துவிட்டதற்கு இதுதான் காரணம். அந்த வசதி உங்களுக்கு மட்டும் இருக்கவில்லை, அந்த அட்டையைக் கையில் எடுக்கும் எவருக்கும் இருந்தது.

கருவியும் அட்டையும் ஒன்றையொன்று சோதிக்கும் விதத்தையும் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் இரண்டு அட்டைகளின் கதை அங்கேதான் இருக்கிறது. கருவி முதலில் 8 பைற்று எழுமாற்று எண்ணொன்றை அட்டைக்கு அனுப்புகிறது. எஸ்சிபி02 என்ற பழைய பாதுகாப்பான தொடர்பு முறையில் அட்டை 28 பைற்றுகளில் விடை சொல்கிறது. அதில் தன் திறப்பின் பதிப்பு எண், தன் பங்குக்கு ஓர் எழுமாற்று எண், கடைசி 8 பைற்றுகளில் ‘எனக்கும் அந்தத் திறப்பு தெரியும்’ என்பதற்கான சான்று ஆகியவை இருக்கும். அந்தச் சான்றுதான் கிரிப்டோகிராம். கருவி தன்னிடம் உள்ள திறப்பைக் கொண்டு அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. ஒத்துவந்தால் மட்டுமே தன் பக்கச் சான்றை அனுப்புகிறது. ஒத்துவராவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு, மறுபடி முயன்றால் அட்டை வீணாகலாம் என்று எச்சரிக்கிறது. புதிய எஸ்சிபி03 முறையிலும் நடைமுறை இதேதான், மும்மடி டிஇஎஸ் என்ற பழைய மறைகுறியாக்கத்துக்குப் பதிலாக ஏஇஎஸ் என்ற புதியது பயன்படுகிறது. எஸ்சிபி02 மீது நடைமுறையில் சாத்தியமான தாக்குதல் ஒன்றை 2018 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆகவே இரண்டையும் தாங்கும் அட்டை என்றால் எஸ்சிபி03 ஐத் தெரிவுசெய்யுங்கள். பழைய முறை மட்டுமே உள்ள அட்டைகள் கையில் இருந்தால், உங்கள் அலுவலகத்துக்குள் ஒரே மேசையில் வைத்து ஏற்றும் வேலைக்கு அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

பிழையான முயற்சிகளை அட்டை எண்ணிக்கொண்டிருக்கிறது. எத்தனை பிழைக்குப் பின் முகாமையாளர் பகுதி நிரந்தரமாக மூடப்படும் என்பதை விதிமுறை ஒரே எண்ணாக வகுக்கவில்லை, தயாரிப்பாளர் தீர்மானிக்கிறார். 10 என்ற வரையறை பரவலாகப் பேசப்படுகிறது, ஆனால் அதை உங்கள் அட்டைக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கருவி தன் சான்றை அனுப்பாமல் பாதியில் நிறுத்திவிட்டதையே ஒரு தோல்வியாகக் கணக்கிடும் அட்டைகளும் இருக்கின்றன. மீதம் எத்தனை முயற்சி என்று அட்டையிடம் கேட்டறியப் பொதுவான கட்டளை கிடையாது. பின் இலக்கத்துக்கு அப்படிக் கேட்க முடியும், முகாமையாளர் திறப்புக்கு முடியாது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் இந்தத் திறப்பை ஊகித்துப் பார்ப்பதே இல்லை.

மாற்றாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதில் உறுதியானது வேறு, ஐயத்துக்கு இடமானது வேறு. அட்டையைச் சில நிமிடம் கையில் வைத்திருக்கும் எவரும் உங்கள் அப்லெற்றை அழித்துவிட முடியும் என்பது உறுதி. ஊழியர் மறுநாள் வேலைக்கு வரும்போது அவருடைய கையொப்பத் திறப்பு இருக்காது. அதே பெயர் இலக்கத்தோடு வேறோர் அப்லெற்றை ஏற்றி, ஊழியர் தட்டச்சு செய்யும் பின் இலக்கத்தைச் சேமிக்க வைக்க முடியும் என்பதும் உறுதி. தனிப்பட்ட திறப்பைத் திருட முடியுமா என்றால், வடிவமைப்பின்படி முடியாது. ஓர் அப்லெற் இன்னொன்றின் தரவைத் தொட முடியாதபடி ஜாவா காட் எனும் அட்டைத் தளம் அவற்றுக்கிடையே தடுப்பு வைத்திருக்கிறது. ஆனால் அந்தத் தடுப்பை வேண்டுமென்றே பழுதாக்கி எழுதிய செய்நிரலைக் கொண்டு தாண்டலாம் என்று சில அட்டைகளில் ஆய்வாளர்கள் செய்துகாட்டியிருக்கிறார்கள். ஏற்றப்படும் செய்நிரலின் ஒழுங்கை முழுமையாகச் சோதித்துப் பார்க்கும் வலு பல அட்டைகளுக்கு இல்லாததே இதற்குக் காரணம். உங்கள் அட்டை அந்த வகையா இல்லையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஏற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே அந்த இடத்தில் நிற்கும் உண்மையான காவல் என்பதால், ‘திறப்பை மாற்றினால் நல்லது’ என்ற அளவில் இதைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மாற்றாத அட்டையை ஊழியரிடம் கொடுக்கவே கூடாது.

மாற்றும் முறைக்கு வருவோம். மாற்றுவதற்கு முன் ஜிபியின் தகவல் கேட்கும் கட்டளையை ஒவ்வோர் அட்டையிலும் ஓட்டிப் பாருங்கள். இது திறப்பு எதையும் பயன்படுத்துவதில்லை, ஆகவே எண்ணிக்கையைக் குறைப்பதும் இல்லை. அதில் திறப்புகளின் பட்டியல் ஒன்று வரும். பதிப்பு எண் 255 என்று இருந்தால் அது தொழிற்சாலைத் திறப்பு, இன்னும் மாற்றப்படவில்லை. 1 என்று இருந்தால் பெரும்பாலும் யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள். டிஇஎஸ்ஸா ஏஇஎஸ்ஸா என்பதும் எத்தனை பைற்று என்பதும் அதே வரியில் இருக்கும். சிப்பின் தொடர் இலக்கமும் தயாரிப்பு விபரமும் மேலே வரும், 4790 என்று தயாரிப்பாளர் இலக்கம் இருந்தால் அது என்எக்ஸ்பி நிறுவனத்தின் சிப். அந்தத் தொடர் இலக்கத்தையே உங்கள் பதிவேட்டின் முதல் நிரலாக வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்ரிக்கில் மார்க்கர் பேனாவால் எழுதிய எண் இங்குள்ள வியர்வையில் ஒரு மாதம்கூடத் தாங்காது.

புதிய திறப்பை நீங்களே யோசித்து எழுத வேண்டாம். ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற ஒரு கருவியிடம் 16 பைற்று எழுமாற்று மதிப்பைக் கேட்டு வாங்குங்கள், அட்டைக்கு ஒன்று வீதம். 30 அட்டைக்கும் ஒரே திறப்பைப் போடுவது வசதியானதுதான், ஆனால் ஒன்று வெளியே போனால் 30 உம் போய்விடும். பெரிய நிறுவனங்கள் ஒரு தலைமைத் திறப்பிலிருந்து அட்டையின் தொடர் இலக்கத்தைக் கொண்டு ஒவ்வோர் அட்டைக்கும் தனித் திறப்பைக் கணித்துக்கொள்கின்றன. ஜிபி அதற்கும் இடம் தருகிறது, ஆனால் கணிப்பு முறையை ஒருமுறை பிழையாகக் குறித்து வைத்துவிட்டால் மொத்த அட்டைகளும் கைவிட்டுப் போகும். 30 அட்டைக்கு அந்தச் சிக்கல் தேவையில்லை என்பது என் கருத்து. கீபாஸ்எக்ஸ்சி போன்ற ஒரு கடவுச்சொல் பெட்டகத்தில் தொடர் இலக்கத்துக்கு எதிரே திறப்பையும் மாற்றிய திகதியையும் பதிந்து, அந்தக் கோப்பின் பிரதியொன்றைச் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வையுங்கள். அட்டையை மாற்றுவதற்கு முன் பதிவைச் சேமித்துவிட வேண்டும், மாற்றிய பின் அல்ல. திறப்பைக் கட்டளை வரியில் நேரடியாகத் தட்டச்சு செய்தால் அது கணினியின் கட்டளை வரலாற்றுக் கோப்பில் அப்படியே கிடக்கும், அதனால் சூழல் மாறியாக (நிரல் வாசித்துக்கொள்ளும்படி கணினியில் தற்காலிகமாக வைக்கும் மதிப்பாக) கொடுப்பது நல்லது.

பலரும் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. புதிய திறப்பு அட்டைக்குள் போகும்போது பழைய திறப்பிலிருந்து பெறப்பட்ட மறைகுறியாக்கத்தில்தான் மூடப்பட்டுப் போகிறது. முதல் மாற்றத்தில் அந்தப் பழைய திறப்பு உலகம் முழுவதும் தெரிந்த ஒன்று. ஆகவே அந்த உரையாடலைப் பதிவுசெய்துவைத்த ஒரு தீய மென்பொருள் உங்கள் கணினியில் இருந்தால், புதிய திறப்பும் அதன் கைக்குப் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். முதல் மாற்றத்தை இணையத்தில் இணைக்கப்படாத, புதிதாக நிறுவிய லினக்ஸ் கணினியில், தொடுபுள்ளி றீடரில் வைத்துச் செய்யுங்கள். மேசைக் கணினியைவிட மடிக்கணினி ஏற்றது. மின்சாரம் எந்த நேரம் போகும் என்று சொல்ல முடியாத நம் பக்கத்தில், அப்லெற் ஏறிக்கொண்டிருக்கும்போதோ திறப்பு மாறும்போதோ றீடர் அணைந்து போவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள். ஏற்றம் பாதியில் நின்றால் பெரும்பாலும் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். திறப்பு மாற்றம் பாதியில் நின்றால் பழையதா புதியதா என்ற கேள்வி எஞ்சும்.

ஜிபியின் கட்டளைப் பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. வெறும் ‘லொக்’ என்ற விருப்பு திறப்பை மாற்றுகிறது. ‘லொக்-காட்’ என்பது அட்டையின் நிலையையே பூட்டிவிடுகிறது. பெயர் ஒத்திருந்தாலும் வேலை வேறு. ‘அன்லொக்’ என்பது, தற்போதைய திறப்பைக் கொடுத்தால், எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தொழிற்சாலைத் திறப்புக்கே அட்டையைத் திருப்பிவிடும். மறந்த திறப்பை மீட்டுத் தரும் கட்டளை என்று அதை நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. அட்டைக்கு ஒரு வாழ்க்கை வட்டமும் இருக்கிறது. இயங்கத் தயார் நிலையிலிருந்து தொடக்கப்பட்ட நிலைக்கும், அதிலிருந்து பாதுகாக்கப்பட்ட நிலைக்கும் போகும் படிகள் ஒருவழிப் பாதை. பாதுகாக்கப்பட்ட நிலைக்கும் பூட்டப்பட்ட நிலைக்கும் இடையே மட்டும் போய்வரலாம். கடைசியில் இருக்கும் முடிவுறுத்தப்பட்ட நிலைக்குப் போன அட்டை எந்தத் திறப்புக்கும் திரும்பாது. ஊழியருக்குக் கொடுக்கும் அட்டையைப் பாதுகாக்கப்பட்ட நிலையில் கொடுப்பது முறை. மற்றக் கட்டளைகளைப் பரீட்சித்துப் பார்க்க ஆசையாக இருந்தால் அதற்கென்று ஓர் அட்டையை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் அடுக்கு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்மாட்பிஜிபி பின்பற்றும் ஓப்பன்பிஜிபி தரத்து அட்டைகளில் தொடக்கப் பயனர் பின் இலக்கம் 123456, நிருவாகி பின் இலக்கம் 12345678 என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மூன்று தடவை பிழையாகக் கொடுத்தால் பூட்டும். பயனர் பின் இலக்கம் பூட்டினால் நிருவாகி பின் இலக்கத்தால் திறக்கலாம். இரண்டும் பூட்டினால், கணினிப் பக்கத்தில் இந்த அட்டையோடு பேசும் குனூபிஜி என்ற மென்பொருளின் அட்டைத் திருத்தப் பகுதியில் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் கட்டளை இருக்கிறது, அது அப்லெற்றை உயிர்ப்பிக்கும், உள்ளே இருந்த திறப்புகளை அழித்துவிடும். அந்த நேரத்தில் முகாமையாளர் திறப்பு கையில் இருந்தாலும் பயனில்லை, அதனால் பின்னைப் பார்க்கவோ மாற்றவோ முடியாது. நிருவாகி பின்னை ஊழியரிடம் கொடுப்பதா அலுவலகம் வைத்திருப்பதா என்பது நீங்கள் தீர்மானிக்க வேண்டியது. நான் கேட்கப்பட்டால் அலுவலகத்திலேயே வைத்திருக்கச் சொல்வேன்.

உங்களை உண்மையில் இழப்புக்கு ஆளாக்கக்கூடியது மூன்றாம் அடுக்கு. முகாமையாளர் திறப்பை எத்தனை தடவை மாற்றினாலும் அப்லெற்றும் அதன் உள்ளடக்கமும் இருந்தபடியே இருக்கும். ஆனால் அப்லெற்றின் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று பழையதை அழித்துப் புதியதை ஏற்றினால், ஊழியரின் தனிப்பட்ட திறப்பு அந்தக் கணமே போய்விடும். கணினி மென்பொருளைப் போல மேலே எழுதிப் புதுப்பிக்கும் வழி இங்கே இல்லை. கையொப்பத் திறப்பு போனால் புதிதாக ஒன்றை உருவாக்கிப் பழையதை இரத்துச் செய்தால் போதும், சேர்வர் நுழைவுத் திறப்பும் அப்படியே. மறைகுறியாக்கத் திறப்பு அப்படியல்ல, அது போனால் அதற்கு மறைத்து வைத்த பழைய கோப்புகள் எல்லாம் போயின. ஆகவே கையொப்பத் திறப்பை அட்டைக்குள்ளேயே உருவாக்குங்கள், மறைகுறியாக்கத் திறப்பை மட்டும் அந்த இணையமில்லாத கணினியில் உருவாக்கி, பிரதி எடுத்துவிட்டு, அதன்பின் அட்டைக்குள் நகர்த்துங்கள். குனூபிஜியில் அட்டைக்கு நகர்த்தும் கட்டளையைக் கொடுத்துச் சேமித்ததும், கணினியில் இருந்த திறப்பு நீக்கப்பட்டு அதன் இடத்தில் ‘இது அட்டையில் இருக்கிறது’ என்ற குறிப்பு மட்டும் எஞ்சும். பிரதி எடுக்காமல் சேமித்தவர்கள் அந்தக் குறிப்பையே பிரதியென்று வருடக்கணக்கில் பத்திரப்படுத்தி வைத்திருப்பதும் நடக்கிறது.

அட்டைக்குள் உருவாவது எப்போதும் சிறந்தது என்ற பேச்சுக்கும் ஓர் எல்லை உண்டு. செக் குடியரசின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 ஒக்டோபரில் வெளிப்படுத்திய ரோக்கா என்ற குறைபாடு இன்ஃபினியன் சிப்புகளில் ஆர்எஸ்ஏ வகைத் திறப்புகளை உருவாக்கும் பகுதியில் இருந்தது. தனிப்பட்ட திறப்போடு சோடியாக உருவாகி வெளியாருக்குக் கொடுக்கப்படும் பொதுத் திறப்பை மட்டும் வைத்துக்கொண்டு தனிப்பட்ட திறப்பைக் கணிக்கக்கூடிய அளவுக்கு அது பலவீனமானது. எஸ்தோனியா ஏறத்தாழ 750,000 தேசிய அடையாள அட்டைகளின் சான்றிதழ்களை அந்த நவம்பரில் இடைநிறுத்தி, நீள்வளையக் கோட்டு முறை என்ற வேறு கணித முறைக்கு மாற வேண்டியதாயிற்று. உங்கள் சிப் என்எக்ஸ்பி என்றால் இது உங்களைத் தொடாது. எப்படியிருந்தாலும் திறந்த மூலச் சோதனைக் கருவி ஒன்றில் உங்கள் பொதுத் திறப்புகளைப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இனி வாங்கப்போகிறவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே கணினிக் கடைகளில் ஸ்மார்ட் காட் என்று கேட்டால் பெரும்பாலும் கதவு திறக்கும் அட்டையைத்தான் எடுத்துத் தருவார்கள். அதற்குள் அப்லெற் ஏறாது, அந்த வகையில் பரவலான மைஃபெயார் கிளாசிக்கின் மறைகுறியாக்கம் 2008 இலேயே உடைக்கப்பட்டுவிட்டது. ஜாவா காட் என்று எழுதியிருந்தாலும் பதிப்பைப் பார்க்க வேண்டும். ஸ்மாட்பிஜிபிக்கு 3.0.4 அல்லது அதற்கு மேல் தேவை. மலிவாகக் கிடைக்கும் ஜே2ஏ040 அட்டை 2.2.2 இல் நிற்கிறது, அதில் ஏற்ற முயன்றால் ஏற்றம் இடையில் நின்றுவிடும். ஜே3ஆர்180 இல் சிக்கல் இல்லை. 6ஏ84 என்ற விடை வந்தால் நினைவகத்தில் இடமில்லை, 6985 என்றால் பெரும்பாலும் நீங்கள் அழிக்க நினைக்கும் பொதியிலிருந்து உருவான அப்லெற் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது, முதலில் அதை அழியுங்கள். லினக்ஸில் றீடரைப் பிசிஎஸ்சிடி சேவை பார்த்துக்கொள்கிறது. ஜிபி வேலைசெய்யும்போது அட்டையை அணுக முடியவில்லை என்று வந்தால், முக்கால்வாசி நேரம் குனூபிஜியின் அட்டைச் சேவையான எஸ்சிடீமன் அதைத் தனியாகப் பிடித்து வைத்திருப்பதே காரணம், அதை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

கையொப்பத்தின் சட்ட வலுப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சங்கத்தின் அறிக்கைகள் என்று சொன்னதால் ஒரு வார்த்தை. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் கையொப்பத்தை ஏற்கிறது. நீங்களே உருவாக்கிய ஓப்பன்பிஜிபி திறப்பு சங்கத்துக்குள் யார் ஒப்பமிட்டார் என்று காட்டப் போதுமானது. வெளியாருக்குக் கொடுக்கும் ஆவணங்களில் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள், அது என் துறை அல்ல.

இப்போது அந்த இரண்டு அட்டைகள். 30 அட்டைக்கும் வரிசையாக ஓடும்படி ஒரு சிறு நிரல் எழுதியதாகவும், இடையில் ஒருமுறை நிறுத்தி மறுபடி தொடங்கியதாகவும் நீங்கள் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்படியானால் மிகவும் சாத்தியமான விளக்கம், முதல் ஓட்டத்திலேயே அவற்றின் திறப்பு மாறிவிட்டது, இரண்டாம் ஓட்டம் பழைய தொழிற்சாலைத் திறப்போடு மறுபடி கதவைத் தட்டியது என்பதே. இதை ஊகமாக வைத்திருக்க வேண்டியதில்லை, தகவல் கட்டளை சொல்லிவிடும். பதிப்பு எண் 1 என்று வந்தால் திறப்பு மாறிவிட்டது என்றே கொள்ளலாம். முதல் ஓட்டத்தின் பதிவுக் கோப்பில் அந்தத் தொடர் இலக்கத்துக்கு எதிரே உள்ள திறப்பை எடுத்து, ஒரே ஒரு தடவை, பட்டியல் கேட்கும் கட்டளையோடு முயலுங்கள். அது ஏற்றுக்கொள்ளப்பட்டால் முடிந்தது, அட்டையை ஊழியரிடம் கொடுக்கலாம். பதிப்பு எண் 255 என்றே இருந்து, 40 இல் தொடங்கும் அந்த வழமையான திறப்பு மட்டும் ஒத்துவராவிட்டால் அந்த இரண்டும் வேறு திறப்போடு, அல்லது தொடர் இலக்கத்திலிருந்து கணித்த திறப்போடு தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் நீங்கள் 30 இலும் அப்லெற்றை ஏற்றிவிட்டதாகச் சொல்வதால் அதற்கு வாய்ப்புக் குறைவு. ஏற்றியது உண்மையில் அந்த இரண்டிலும் வெற்றிதானா என்று ஏற்றப் பதிவைப் பாருங்கள், சந்தேகம் எஞ்சினால் விற்றவரிடம் எழுதிக் கேளுங்கள்.

பதிப்பு 1 ஆகி, அந்தத் திறப்பு எங்கும் பதியப்படாமல் போயிருந்தால், முகாமையாளர் பகுதியை மீட்க வழி கிடையாது. மீட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். ஆனால் அந்த நிலையிலும் அட்டை வீணாகிவிடவில்லை. உள்ளே ஸ்மாட்பிஜிபி ஏற்கெனவே இருக்கிறதென்றால் அது பின் இலக்கங்களோடு வழமைபோல் வேலைசெய்யும், குனூபிஜியில் அட்டை நிலையைப் பார்க்கும் கட்டளையைக் கொடுத்தால் உடனே தெரிந்துவிடும். இனி அதில் புதிய அப்லெற் ஏற்ற முடியாது, உள்ளதை அழிக்கவும் முடியாது, அவ்வளவுதான். ஏற்றியிருக்கும் பதிப்பில் நாளைக்கு ஏதும் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டால் அந்த இரண்டையும் ஒதுக்க வேண்டிவரும் என்பதைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, குறுகிய காலம் வேலைசெய்யும் ஊழியர்களுக்குக் கொடுத்துவிடலாம். தகவல் கட்டளை தந்த விடையை இங்கே ஒட்டினால் நானும் பார்த்துச் சொல்கிறேன். ஒட்டும்போது திறப்பு மதிப்புகள் எதுவும் அதில் இல்லை என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.